மாமனார் தந்த ரைபிளின் சேம்பரை விரிக்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இது. கொலராடோவில் இருக்கிறீர்கள். மாமனார் தன்னுடைய பழைய வேட்டை ரைபிளை உங்களுக்குத் தந்திருக்கிறார். வின்செஸ்டர் மாடல் 70, 1950-களில் செய்தது, பேரலில் .300 ஹெச் அண்ட் ஹெச் மேக்னம் என்று பொறித்திருக்கிறது. அந்தத் தோட்டா கடையில் லேசில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை கையைக் கடிக்கிறது. "சேம்பரைக் கொஞ்சம் விரித்தால் .300 வெதர்பி மேக்னம் போடலாம், எல்க் வேட்டைக்குச் சக்தியும் கூடும், ஒரு மணி நேர வேலைதான்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். (சேம்பர் என்பது பேரலின், அதாவது குழலின், பின்முனையில் தோட்டா உட்காரும் அறை. எல்க் அங்கத்துப் பெரிய மான்.) செய்யலாமா என்பது கேள்வி.

முதலில் பதில். செய்ய முடியும். ஒரு தோட்டாவுக்கான ரைபிளை இன்னொரு தோட்டாவுக்கு மாற்றும் வேலைகளில் இதைவிடச் சுலபமானது அநேகமாகக் கிடையாது. ஆனாலும் என்னுடையதாக இருந்தால் செய்ய மாட்டேன். அதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: அந்த ரைபிளில் ஏற்கெனவே யாராவது இந்த வேலையைச் செய்துவிட்டார்களா என்று பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடைசியில் அதற்கு வருகிறேன்.

ஏன் சுலபம் என்பதற்கு இந்த இரண்டு தோட்டாக்களின் பூர்வீகத்தைச் சொல்ல வேண்டும். .300 ஹெச் அண்ட் ஹெச் லண்டனில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி 1925-ல் கொண்டுவந்தது. 1912-ல் வந்த .375 தோட்டாவின் கழுத்தை, அதாவது குண்டைப் பிடித்திருக்கும் முன்பகுதியை, சுருக்கிச் செய்தது. கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும், நீளமாக, அடியிலிருந்து மேலே போகப்போக ஒடுங்கிக்கொண்டே போகும். தோள், அதாவது உடம்பு கழுத்தாக ஒடுங்கும் இடம், என்று சொல்லிக்கொள்ள ஒரு சின்னச் சரிவுதான். அப்படிச் செய்ததற்குக் காரணம் அந்தக் காலத்துத் துப்பாக்கி மருந்து. கார்டைட் தூளாக வராது, இடியாப்ப இழை மாதிரி நீள நீளக் குச்சிகளாக வரும். நீலகிரி அருவங்காட்டில் கார்டைட் ஃபாக்டரி இருக்கிறதல்லவா, அந்தப் பெயரில் உள்ள கார்டைட்தான் இது. குச்சிக்கட்டை முதலில் கேஸுக்குள், அதாவது தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குள், நுழைத்துவிட்டு, அப்புறம்தான் கழுத்தை ஒடுக்குவார்கள். தோள் மென்மையாக இருந்தால் அந்த வேலை சுலபம். ஒடுங்கின உடம்புக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஆப்பிரிக்கா, இந்தியா வெயிலில் அழுத்தம் ஏறிக் கேஸ் சேம்பரில் ஒட்டிக்கொண்டாலும், சுட்ட கேஸ் ஆப்பு கழல்வது போலக் கழன்று வந்துவிடும்.

தோள் இவ்வளவு மெலிதாக இருந்தால் தோட்டா சேம்பருக்குள் எங்கே போய் நிற்கும்? அதற்குத்தான் அடியில் ஒரு பட்டை, அதாவது பெல்ட். "மேக்னம் என்றால் பெல்ட், பெல்ட் என்றால் பலம்" என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெல்ட் பலத்துக்காக வந்ததில்லை. தோட்டா எந்த ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க வந்தது. இந்த ஆழக் கணக்கைத்தான் ஹெட்ஸ்பேஸ் என்கிறோம்.

அமெரிக்காவில் இந்தத் தோட்டாவுக்குப் பெயர் வாங்கித் தந்தவர் பென் கம்ஃபர்ட். 1935-ல் ஒஹையோவின் கேம்ப் பெர்ரியில், 1,000 கஜ தூரத்து விம்பிள்டன் கோப்பையை இதை வைத்து ஜெயித்தார். அடுத்த இரண்டு வருஷத்துக்குள் வின்செஸ்டர் புதிதாக வெளியிட்ட மாடல் 70-ல் .300 ஹெச் அண்ட் ஹெச் இடம்பிடித்துவிட்டது. உங்கள் மாமனாரின் ரைபிள் அந்த வம்சம்.

இனி ராய் வெதர்பி. இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்த மனுஷன். வேகம்தான் மிருகத்தைக் கொல்கிறது என்று உறுதியாக நம்பியவர். 1945-ல் தெற்குக் கலிபோர்னியாவில் சவுத் கேட் என்ற ஊரில் கடை போட்டார். அவர் செய்தது இதுதான். ஹெச் அண்ட் ஹெச் கேஸின் ஒடுங்கின உடம்பை வெளியே தள்ளி நிமிர்த்தினார். பெல்ட்டுக்கு முன்னால் இரண்டு கேஸும் ஒரே பருமன், சுமார் 13 மில்லிமீட்டர். தோளருகே ஹெச் அண்ட் ஹெச் 11.4 மில்லிமீட்டராக ஒடுங்கிவிடும், வெதர்பி 12.5-ல் நிற்கும். அடி அதே, பெல்ட் அதே, குண்டு அதே, நீளமும் ஏறக்குறைய அதே. இடுப்பில் மட்டும் சதை போட்டிருக்கிறது, அதனால் மருந்து அதிகம் கொள்ளும். ஆரம்பத்தில் தனியாக கேஸ்கூடக் கிடையாது. விரித்த சேம்பரில் ஹெச் அண்ட் ஹெச் தோட்டாவைப் போட்டுச் சுடுவார்கள். உள்ளே எழும் அழுத்தத்தில் பித்தளை பலூன் மாதிரி ஊதி, சேம்பரின் வடிவத்தை எடுத்துக்கொண்டு வெளியே வரும். அதுதான் வெதர்பி கேஸ். ஸ்வீடனின் நார்மா கம்பெனி தோட்டா செய்து தர ஆரம்பித்தது பின்னால்தான்.

ஆக, உங்கள் ரைபிளை மாற்ற தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் முகத்தைத் தொட வேண்டாம், சுட்ட கேஸை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டரைத் தொட வேண்டாம், தோட்டா அடுக்கும் மேகசினின் நீளம் போதும், பேரலின் துவாரம் அதே. .300 வெதர்பி அளவுக்குக் குடையும் கருவியான ரீமர் ஒன்றை உள்ளே விட்டுத் திருப்பினால் சுவரிலிருந்து கொஞ்சம் இரும்பு வரும். நாற்பது, ஐம்பதுகளில் இப்படி மாறின மாடல் 70-கள் எத்தனையோ. உங்களுக்குச் சொன்னவர் பொய் சொல்லவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ரீமர் இரும்பை எடுக்கத்தான் செய்யும், வைக்காது. புதுத் தோட்டா பழைய தோட்டாவைவிட எல்லா இடத்திலும் பெரியதாக இருந்தால் மட்டும்தான் பழைய சேம்பர் முழுதாக மறையும். ஓரிடத்தில் சின்னதாக இருந்தாலும் அங்கே பழைய சேம்பரின் தடம் பள்ளமாக நின்றுவிடும். சுடும்போது பித்தளை அந்தப் பள்ளத்துக்குள் பிதுங்கும்.

உதாரணத்துக்கு .308 தோட்டாவுக்கான ரைபிளை .30-06 தோட்டாவுக்கு மாற்றலாமா என்று கேட்பவர்கள் அடிக்கடி வருவார்கள். .30-06 பெரிய தோட்டா, ஆகவே முடியும் என்று தோன்றும். ஆனால் .308-ன் தோள் இருக்கும் இடத்தில் .30-06-ன் உடம்பு ஏற்கெனவே ஒடுங்கத் தொடங்கியிருக்கும். குறுக்களவில் 0.16 மில்லிமீட்டர் குறைவு. ஒரு தாளின் கனத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அதற்கே சேம்பர் நடுவில் ஒரு வளையம் மிச்சமாகிவிடும். தவிர, .308-க்கென்று செய்த குட்டை ஆக்‌ஷனில் (போல்ட் இயங்கும் பொறியில்) .30-06 தோட்டா நுழையவே நுழையாது. இன்னொன்று, உங்கள் .300 ஹெச் அண்ட் ஹெச்சையே .300 வின்செஸ்டர் மேக்னம் ஆக்குவது. கடைகளில் எங்கும் கிடைக்கிற தோட்டா அதுதானே, அதற்கே மாற்றிவிடலாமே என்று நீங்களும் யோசித்திருப்பீர்கள். வின்செஸ்டர் கேஸ் 66.5 மில்லிமீட்டர், ஹெச் அண்ட் ஹெச் 72.4. பருத்த ரீமரை விட்டாலும், கேஸ் வாய்க்கு முன்னால் ஆறு மில்லிமீட்டருக்குப் பழைய கழுத்தின் குழி அப்படியே நிற்கும். குண்டு அந்தக் காலி இடத்தைத் தாண்டிப் போய், அதைச் சுழலவைக்கப் பேரலுக்குள் வெட்டியிருக்கும் வரிப்பள்ளத்தைப் பிடிக்க வேண்டும். அதைச் சரி செய்ய பேரலைக் கழற்றி, பின்பக்கம் வெட்டி, மரையை நீட்டி, மறுபடி சேம்பர் போட வேண்டும். பேரல் பின்னால் நகர்ந்தால் ரைபிளின் மரக்கட்டையில் அதற்கென்று குடைந்த பள்ளமும் பொருந்தாமல் போகும். அந்தக் காசுக்குப் புது பேரலே போட்டுவிடலாம்.

வெதர்பிக்கு அந்தச் சிக்கல் கிட்டத்தட்ட இல்லை. கேஸ் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் குட்டை என்பதால் கழுத்தின் நுனியில் மெல்லிய வளையம் ஒன்று மிச்சமாகலாம். அதனால் பாதகம் வந்து நான் பார்த்ததில்லை.

பாதகம் வந்து பார்த்தது வேறு இடத்தில். வெதர்பி தன் சேம்பருக்கு முன்னால் வரிப்பள்ளம் இல்லாத வழுவழுப்பான ஒரு ஓட்டப்பாதை விட்டிருந்தார். ஃப்ரீபோர் என்று பெயர். .300-ல் அது சுமார் 9 மில்லிமீட்டர். குண்டு கேஸை விட்டுக் கிளம்பி, எதிர்ப்பில்லாமல் கொஞ்சம் ஓடி, அப்புறம்தான் வரிப்பள்ளத்தில் ஏறும். அந்த ஓட்டத்தில் அழுத்தத்தின் உச்சம் கொஞ்சம் தணியும். அவர் தோட்டாக்களில் அவ்வளவு மருந்து ஏற்ற முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் வெதர்பி ரீமர் எல்லாமே அந்த ஓட்டப்பாதையோடு வந்ததில்லை. "ஃப்ரீபோர் இருந்தால் குறி சிதறும்" என்று நம்பின பட்டறைக்காரர்கள் அதை விட்டுவிட்டு சேம்பர் போட்டார்கள். அந்த ரைபிளில் கம்பெனித் தோட்டாவைப் போட்டால் என்ன ஆகும்? அழுத்தம் எகிறும். ஒருவர் என்னிடம் கொண்டுவந்த ரைபிளில் போல்ட்டைக் கையால் தூக்க முடியவில்லை, மரச்சுத்தியலால் தட்டித்தான் திறந்தோம். கேஸின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமர் தட்டையாகி, போல்ட் முகத்தின் அச்சு விழுந்திருந்தது. வேலை பார்க்க சுத்தமாகத்தான் இருந்தது. சேம்பர் பளபளவென்று கண்ணாடி மாதிரி. செய்தவர் எதைச் செய்யாமல் விட்டார் என்பது பளபளப்பில் தெரியாது.

சரி, அழுத்தம். அமெரிக்கத் தரப்படி .300 ஹெச் அண்ட் ஹெச்சின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 58,000 பவுண்டு. .300 வெதர்பிக்கு 65,000. இரண்டு கேஸுக்கும் அடிப்பரப்பு ஒன்றே என்பதால் போல்ட்டைப் பின்னால் தள்ளும் விசை சுமார் 12 சதவீதம் கூடும். உங்கள் மாடல் 70 அதைத் தாங்குமா? நல்ல நிலையில் இருந்தால் தாங்கும். அதே ஆக்‌ஷனில்தான் வின்செஸ்டர் 1963-ல் 64,000 பவுண்டு அழுத்தமுள்ள .300 வின்செஸ்டர் மேக்னத்தையே போட்டு விற்றது. .30-06 ரைபிளை .300 வின்செஸ்டர் மேக்னம் ஆக்குபவர் கதை வேறு. அங்கே அழுத்தத்தோடு கேஸின் அடியும் பருக்கிறது. கணக்குப் போட்டால் போல்ட்டின் மேல் கால் பங்குக்கு மேல் கூடுதல் சுமை. போல்ட் முகத்தை 12 மில்லிமீட்டரிலிருந்து 13.5-க்குக் கடைந்து அகலப்படுத்த வேண்டும், அதாவது சுமை கூடுகிற அதே இடத்தில் இரும்பைக் குறைக்க வேண்டும். எக்ஸ்ட்ராக்டரை மாற்ற வேண்டும், மேகசினின் உதடுகளை ராவ வேண்டும், ஐந்து தோட்டா கொண்ட இடத்தில் மூன்று கொள்ளும். ஒரு மணி நேர வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இரும்பு தாங்குமா என்பது கண்ணால் பார்த்துச் சொல்லும் விஷயமில்லை என்பதற்கு அமெரிக்க ராணுவத்தின் 1903 ஸ்பிரிங்ஃபீல்ட் கதையை விடச் சிறந்த சாட்சி கிடையாது. ஆரம்ப காலத்தில் அந்த ரைபிளின் ரிசீவரை, அதாவது போல்ட்டைத் தாங்கும் இரும்புக் கூட்டை, உலையில் காய்ச்சும்போது, சூடு சரியா என்று தொழிலாளி நிறத்தைப் பார்த்தே முடிவு செய்தார். அனுபவசாலிகள்தான். ஆனால் மேகமூட்டமான நாளில் சிவப்பாகத் தெரியும் இரும்பு, வெயில் அடிக்கும் நாளில் அதே சூட்டில் மங்கலாகத் தெரியும். வெயில் நாளில் இன்னும் கொஞ்சம் காய்ச்சுவார்கள். இப்படி அளவுக்கு மீறிக் காய்ந்த ரிசீவர்கள் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மை பெற்றன. முதல் உலகப்போர் சமயத்தில் சில ரைபிள்கள் வெடித்துச் சிதறியபோதுதான் தோண்டிப் பார்த்தார்கள். 1918-ல் முறையை மாற்றினார்கள். இன்றும் ஸ்பிரிங்ஃபீல்ட் தொழிற்சாலையின் 800,000-க்குக் கீழான எண் கொண்ட ரைபிள்களையும், ராக் ஐலண்ட் தொழிற்சாலையின் 285,507-க்குக் கீழானவற்றையும் சுடாதே என்றுதான் விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அந்த ரைபிள்களையும் வேட்டைக்கென்று மாற்றி, பெரிய தோட்டா போட்டவர்கள் உண்டு. பல வருஷம் ஒன்றும் ஆகாமல் சுட்டவர்களும் உண்டு.

இதற்கு நேர் எதிரான கதையும் இருக்கிறது, பட்டறைகளில் சிரிப்பதற்காகச் சொல்வது. ஜப்பானின் 6.5 மில்லிமீட்டர் அரிசாகா ரைபிள் ஒன்றை, ஒருவர் தானாகவே .30-06 ஆக்கிக்கொண்டார். சேம்பரை மட்டும். ரீமரின் முன்முனை துவாரத்துக்குள் நுழையவில்லை என்றதும், முனையைத் தேய்த்துச் சின்னதாக்கி நுழைத்துவிட்டார். துவாரம் 6.5 மில்லிமீட்டர், குண்டு 7.8. சுட்டால் குண்டு கம்பி இழுப்பது போல ஒடுங்கிக்கொண்டுதான் வெளியே போக வேண்டும். அதை வைத்து மான்கூட அடித்துவிட்டு, "கொஞ்சம் உதைக்கிறது" என்று பரிசோதனைக்குக் கொண்டுபோனாராம். 1950-களின் இறுதியில் அமெரிக்க ரைபிள் சங்கத்துப் பத்திரிகையில் வந்த செய்தி. அரிசாகா ஆக்‌ஷன் அவ்வளவு கெட்டி, உடையவில்லை. இதைக் கேட்டுவிட்டு "பார், எதுவும் ஆகாது" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்பிரிங்ஃபீல்ட் ரிசீவரில் அந்த விளையாட்டு விளையாடியிருந்தால் கதை சொல்ல ஆள் இருந்திருக்காது.

ஒரு அரசாங்கம் இதை எப்படிச் செய்கிறது என்று பாருங்கள். 1960-களில் இந்தியா பழைய லீ-என்ஃபீல்ட் வடிவத்து ரைபிளை .303-லிருந்து 7.62 நேட்டோ தோட்டாவுக்கு மாற்ற விரும்பியது. மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலைக்காரர்கள் கையிருப்பிலுள்ள பழைய ரைபிள்களின் சேம்பரை வெட்டிக் கொடுத்துவிடவில்லை. வடிவத்தை வைத்துக்கொண்டு, மேலான எஃகில் ரிசீவரையே புதிதாகச் செய்தார்கள். அதுதான் இஷாப்பூர் 2ஏ, பிறகு 2ஏ1. ராய் வெதர்பியே அப்படித்தான். ஆரம்பத்தில் அடுத்தவர் செய்த ஆக்‌ஷன்களில் தன் சேம்பரை வெட்டிக் கொடுத்தவர், கடைசியில் தன் தோட்டாவுக்கென்றே ஒன்பது பூட்டுப் பற்கள் உள்ள மார்க் ஐந்து ஆக்‌ஷனை உருவாக்கி 1958-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

இப்போது லாபக் கணக்கு. 180 கிரெய்ன், அதாவது 11.7 கிராம் குண்டை ஹெச் அண்ட் ஹெச் விநாடிக்கு 2,880 அடி வேகத்தில் அனுப்பும் என்று வைத்துக்கொள்வோம். வெதர்பி 3,240 அடி. வேகம் எட்டில் ஒரு பங்கு கூடுகிறது. ஆற்றல் 3,300 அடி-பவுண்டிலிருந்து 4,200-க்குப் போகிறது, கால் பங்குக்கு மேல் லாபம். கேட்க நன்றாக இருக்கிறது. அதற்குக் கொடுக்கும் விலை: மருந்து ஐந்தில் ஒரு பங்கு அதிகம். ஸ்கோப்போடு நான்கு கிலோ ரைபிள் என்று வைத்து நான் போட்ட கணக்கில், தோளில் விழும் உதை 33 ஜூலிலிருந்து 45 ஜூல், அதாவது மூன்றில் ஒரு பங்கு அதிகம். (.30-06 அதே கணக்கில் 27 வரும்.) உதை எப்போதும் ஆற்றலைவிட வேகமாக ஏறும். ஏனென்றால் எரிந்த மருந்தின் வாயுவும் பேரல் முனையிலிருந்து ராக்கெட் மாதிரி பீறிட்டுப் போகிறது, அதன் எதிர்விசையும் உங்கள் தோளுக்குத்தான். 1950-களின் மாடல் 70-ன் கட்டை அந்தக் காலத்து வால்நட். பின்பக்கம் ரப்பர் பேட் இருந்தாலும் காய்ந்து கல்லாகியிருக்கும். அதையும் நினைத்துக்கொள்ளுங்கள். நெற்றியில் ஸ்கோப் இடித்து அரைவட்டத் தழும்போடு திரிபவர்களை வேட்டை சீசனில் நிறையப் பார்க்கலாம்.

எல்க்குக்கு இது தேவையா? உங்கள் மாநில விதிப்படியே எல்க்குக்கு 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றலும் 85 கிரெய்ன் குண்டும் இருந்தால் போதும். அது குறைந்தபட்சம், அதையே இலக்காக வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கையிலிருப்பது அதைப்போல மூன்று மடங்கு. 200 கஜத்துக்குக் குறி வைத்துப் பழக்கிய ரைபிளில், 400 கஜத்தில் இரண்டு தோட்டாவுக்கும் குண்டு இறங்கும் வித்தியாசம் ஐந்து அங்குலம் போலத்தான், அரைச் சாண். எல்க்கின் நெஞ்சுக்கூடு அதைப்போல நாலைந்து மடங்கு ஆழம். மலையில் குறுக்குக் காற்று அடிக்கும்போது, மூச்சிரைக்க ஏறிப்போய், பாறைமேல் படுத்துச் சுடுபவனுக்கு அந்த அரைச் சாண் வந்து உதவப்போவதில்லை. உதைக்குப் பயந்து ட்ரிகரை இழுக்கும் முன்பே கண்ணை மூடுவது அதைவிடப் பெரிய பிழையைத் தரும். இதை ரேஞ்சில் எளிதாகச் சோதிக்கலாம். நண்பரை விட்டுச் சில சமயம் உண்மைத் தோட்டாவும் சில சமயம் டம்மித் தோட்டாவும் உங்களுக்குத் தெரியாமல் போடச் சொல்லுங்கள். டம்மியில் பேரல் எவ்வளவு குதிக்கிறது என்று அவர் பார்க்கட்டும். பெரும்பாலான ஆண்கள் அந்தச் சோதனைக்கு அப்புறம் சத்தமில்லாமல் இருப்பார்கள்.

தோட்டா கிடைப்பதில்லை என்ற குறை நியாயமானது. ஆனால் வெதர்பி தோட்டா மலிவு என்று யார் சொன்னது? ஒரு அபூர்வத்திலிருந்து இன்னொரு விலையுயர்ந்ததுக்குப் போகிறீர்கள். கேஸைச் சேர்த்து வைத்து வீட்டிலேயே தோட்டா நிரப்பக் கற்றுக்கொள்வதுதான் ஹெச் அண்ட் ஹெச் வைத்திருப்பவர்கள் காலங்காலமாகச் செய்வது. குண்டு சாதாரண .308 அங்குலக் குண்டுதான், எங்கும் கிடைக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள், பெல்ட் கேஸ்கள் பெல்ட்டுக்குச் சற்று முன்னால் மெலிந்து அறுந்துபோகும் வழக்கமுள்ளவை. தோளுக்கும் சேம்பருக்கும் இடைவெளி இருப்பதால் ஒவ்வொரு முறையும் பித்தளை நீண்டு, அந்த இடத்தில் பளிச்சென்று ஒரு வளையம் தெரியும். அது தெரிந்தால் அந்தக் கேஸைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இன்னொரு கணக்கு பணம். 1964-க்கு முந்தைய மாடல் 70 என்றால் இங்கே சேகரிப்பவர்களுக்குத் தனி மயக்கம். அந்த வருஷம் வின்செஸ்டர் செலவைக் குறைக்க ஆக்‌ஷனை மாற்றி, மௌசர் பாணி நகமுள்ள எக்ஸ்ட்ராக்டரை எடுத்துவிட்டது. ரசிகர்கள் இன்றுவரை அதை மன்னிக்கவில்லை. பிறந்தபடியே இருக்கும் ஒரு .300 ஹெச் அண்ட் ஹெச்சுக்கு ஒரு விலை, சேம்பர் விரித்ததற்கு ஒரு விலை. விரித்ததைத் திரும்பச் சுருக்க முடியாது. ரீமர் இரும்பை எடுக்கத்தான் செய்யும் என்று முன்பே சொன்னேனே, அது விலைக்கும் பொருந்தும்.

இவ்வளவுக்குப் பிறகும் கூடுதல் வேகம் வேண்டுமென்றால், பேரலைக் கழற்றி எண்ணெய் தடவிப் பத்திரமாக வைத்துவிட்டு, வேண்டிய தோட்டாவுக்குப் புது பேரல் போடச் சொல்லுங்கள். மாமனாரின் பேரல் பீரோவில் இருக்கும், உங்கள் பிள்ளை என்றைக்காவது திரும்ப மாட்டிக்கொள்வான். இல்லை, இருக்கிற பேரலிலேயே செய்யத்தான் போகிறீர்கள் என்றால், உரிமம் உள்ள நல்ல துப்பாக்கிப் பட்டறையில் கொடுங்கள். ரீமரில் ஃப்ரீபோர் உண்டா என்று கேளுங்கள். ரீமர் பழைய துவாரத்தோடு ஒரே அச்சில் போகும்படி எப்படிப் பிடிப்பார் என்று கேளுங்கள். அச்சு விலகின சேம்பரிலிருந்து வரும் கேஸ் ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருக்கும். ஹெட்ஸ்பேஸை கேஜ் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பருத்த தோள் மேகசினிலிருந்து தடையில்லாமல் ஏறுகிறதா என்று டம்மித் தோட்டா போட்டு நீங்களே இயக்கிப் பாருங்கள். முக்கியமாக, பேரலில் பழைய பெயரை வெட்டிவிட்டுப் புதுப் பெயரைப் பொறிக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்டதும் முகம் சுளிக்கும் பட்டறையில் கொடுக்காதீர்கள்.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: இந்தியாவில் துப்பாக்கியை மாற்றியமைப்பதும் பழுதுபார்ப்பதும் 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி அதற்கென்று தனி உரிமம் உள்ளவர்கள் மட்டுமே செய்யக்கூடியது. வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் இதற்கு உதவாது. பொழுதுபோக்கு வேட்டை அங்கே எப்போதோ முடிந்துபோன கதை.

இப்போது முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். பெயரைப் பொறிக்காமல் விட்ட பட்டறைகள் அந்தக் காலத்தில் நிறைய. பேரலில் .300 ஹெச் அண்ட் ஹெச் என்று இருக்கும், உள்ளே வெதர்பி சேம்பர் இருக்கும். பெல்ட்டில் நிற்கும் தோட்டா என்பதால் அதில் ஹெச் அண்ட் ஹெச் போட்டாலும் சுடும். வேகம் கொஞ்சம் குறையும், கேஸ் ஊதிக்கொண்டு வரும், அவ்வளவுதான். சொந்தக்காரருக்குப் பல வருஷம் தெரியாமலே போயிருக்கலாம். மாமனாரிடம் பழைய கேஸ்கள் ஒரு டப்பாவில் கிடக்கும், பெரியவர்கள் எதையும் எறிய மாட்டார்கள். இந்த ரைபிளில் சுட்ட ஒன்றை எடுத்து, சுடாத தோட்டாவுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். சுட்டதும் ஒடுங்கியே இருந்தால் சேம்பர் பிறந்தபடி இருக்கிறது. இடுப்பு நிமிர்ந்து, தோள் வளைவாக உருண்டிருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ வேலையை முடித்துவிட்டார்கள். கேஸ் கிடைக்கவில்லையா, பட்டறையில் சேம்பருக்கு வார்ப்பு எடுத்துத் தரச் சொல்லுங்கள். செரோசேஃப் என்று ஓர் உலோகக் கலவை, கொதிநீரின் சூட்டுக்கும் குறைவாகவே உருகிவிடும். சேம்பரில் ஊற்றி, ஆறினதும் தட்டி எடுத்து, ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் சேம்பரின் அளவு அப்படியே கிடைக்கும். தோளருகே 11.4-ஆ 12.5-ஆ என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், மேலே பேசலாம்.